யூகே கிளம்புற நம்ம பக்கத்துப் பிள்ளைங்க "இன்டர்நேஷனல் லைசென்ஸ்"னு காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிங்க

நான் பள்ளத்தூர். 2023 மார்ச்ல கேர் விசால லெஸ்டர் வந்தேன், வயசானவங்க வீட்டுக்கு வீடு போய் குளிப்பாட்டி சாப்பாடு குடுத்து படுக்க வைக்கிற வேலை, அதுக்கு கார் ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்னு வேலை ஆர்டர்லயே போட்டிருந்தாங்க. எங்கிட்ட கார் லைசென்ஸ் இருந்துச்சு, காரைக்குடில டிரைவிங் ஸ்கூல் போய் எட்டு போட்டு முறையா வாங்கினது தான். விசா பேப்பர் பாத்துக் குடுத்த ஏஜென்ட் இதப் பாத்துட்டு "தங்கச்சி இது அங்க செல்லாது, இன்டர்நேஷனல் லைசென்ஸ் போடணும், பத்து வருஷத்துக்கு கவலையே இல்ல, லண்டன்லயும் லெஃப்ட் சைடு தான், நம்ம ஊரு மாதிரியே ஓட்டிட்டுப் போகலாம்"னு சொல்லி 14,500 ரூபா கேட்டாரு. விசாவுக்கே அப்பத்தா வளையல் வரைக்கும் அடகுல இருந்த நேரம், ஆனா வேலைக்கு வேணுமேன்னு அய்யா யார்கிட்டயோ கைமாத்து வாங்கிட்டு வந்து கட்டுனாக. பில் கிடையாது, ஜிபே கூட வேற யாரோ பேர்ல இருக்க நம்பருக்குத் தான் போச்சு. அப்பவே எனக்கு உறுத்திருக்கணும்.

நாலு நாள்ல கைக்கு வந்துச்சு. சாம்பல் கலர் அட்டை போட்ட சின்ன புக், கூடவே ஒரு பிளாஸ்டிக் கார்டு, கார்டுல உலக உருண்டை படம் தங்கக் கலர்ல மினுங்குது, உள்ள ஏழெட்டு பாஷைல பக்கம் பக்கமா எழுத்து. பாக்க அவ்ளோ ஜோரா இருந்துச்சு, அம்மா அத சாமி படத்துக்கு முன்னாடி வச்சு எடுத்துக் குடுத்தாக. இப்ப எடுத்து நிதானமா பாத்தா தான் தெரியுது, என்னோட தமிழ்நாடு லைசென்ஸ் நம்பர் அதுல எங்கயுமே இல்ல, ஆர்டிஓ சீல் இல்ல, ஏதோ வெளிநாட்டு சங்கம் மாதிரி ஒரு பேரு போட்டு வட்டமா ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவு தான்.

உண்மை என்னன்னா இந்தியால இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்ட முறையா ஆர்டிஓலயே வாங்கலாம். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி குடுக்கிறது, ஃபார்ம் 4ஏ, கவர்மென்ட்டோட சாரதி வெப்சைட்லயே அப்ளை பண்ணலாம், ஃபீஸ் 1000 ரூபா. செல்லுபடி ஒரே ஒரு வருஷம், அதுக்குள்ள நம்ம லைசென்ஸ் காலாவதி ஆனா அன்னையோட அதுவும் முடிஞ்சது. மூணு வருஷம் பத்து வருஷம்னு யாராவது சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. 2022ல இருந்து நாடு முழுக்க ஒரே மாதிரி வடிவம், க்யூஆர் கோடு வச்சு, ஸ்கேன் பண்ணா நம்ம லைசென்ஸோட இணைஞ்சிருக்கும்.

இதுல எனக்கு வயிறு எரியிறது எதுன்னா, யூகேக்கு அந்த ஒரிஜினல் பெர்மிட் கூட எனக்குத் தேவையே இல்ல. நம்ம தமிழ்நாட்டு லைசென்ஸ் அட்டைய வச்சே இங்க குடி வந்த நாள்ல இருந்து 12 மாசம் கார் ஓட்டலாம், அது இந்த நாட்டு சட்டம். அந்த 12 மாசம் முடிஞ்சா எந்த பெர்மிட்டும் காப்பாத்தாது, இங்க உள்ள டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணி இந்த நாட்டு லைசென்ஸ் தான் வாங்கணும். ஆக எனக்கு வேணாத ஒண்ண வித்து, எனக்குத் தெரிஞ்சே ஆக வேண்டிய அந்த 12 மாசக் கணக்க மறைச்சுட்டாரு. பத்து வருஷம்னு நம்பி நான் டெஸ்ட் பத்தி யோசிக்கவே இல்ல, கூட வேலை பாத்த ஒரு கேரளாப் பொண்ணு ரெண்டு தடவ கேட்டா, நான் அந்த புக்கக் காட்டி எனக்கு இருக்குன்னு சொல்லிட்டேன்.

2024 மே, சாயங்கால ஷிஃப்ட், மழை. கடைசி வீட்டுக்குப் போயிட்டு இருக்கேன், 86 வயசு பாட்டி, நாங்க போய் தூக்கி வச்சா தான் படுக்க முடியும். ஒரு மினி ரவுண்டானால பின்னாடி நீல லைட். போலீஸ்காரர் மரியாதையா தான் பேசினாரு. அந்த புக்க புரட்டிப் பாத்தாரு, கார்டத் திருப்பிப் பாத்தாரு, நம்ம ஊரு அட்டையப் பாத்தாரு, அப்புறம் கேட்டது ஒரே கேள்வி, இங்க குடி வந்து எத்தனை மாசம் ஆச்சுன்னு. பதினாலுன்னு சொன்னேன். லைசென்ஸ் செல்லாதுன்னா நான் மாசாமாசம் கட்டிட்டு இருந்த இன்சூரன்ஸும் கணக்குல வராதுன்னு அங்க நிக்கையில தான் எனக்குத் தெரியும். என் கண்ணு முன்னாடி கார லாரில ஏத்திட்டுப் போனாங்க. 300 பவுண்டு அபராதம், லைசென்ஸ் ரெக்கார்ட்ல தப்புக்காக ஏத்துற 6 பெனால்டி பாயின்ட், கார மீட்க இழுவைக் கூலி, நிறுத்தி வச்ச ஒவ்வொரு நாளுக்கும் வாடகை, அதையும் லைசென்ஸ் இன்சூரன்ஸ் உள்ள வேற ஒருத்தர கூட்டிட்டுப் போய் தான் எடுக்க முடிஞ்சது. காச விடுங்க. அந்தப் பாட்டி ஒண்ணரை மணி நேரம் நாற்காலிலயே உக்காந்து இருந்திருக்காங்க, வேற ஆள் அனுப்பி படுக்க வைக்கிற வரைக்கும். அடுத்த வாரம் நடந்தே போய் அவங்க கையப் பிடிச்சு மன்னிப்பு கேட்டேன்.

அதுக்கப்புறம் தான் ப்ரொவிஷனல் லைசென்ஸ் (நம்ம ஊரு எல்எல்ஆர் மாதிரி) போட்டு, தியரி எழுதி (50 கேள்வில 43 சரியா வரணும், அதோட வீடியோ பாத்து ஆபத்த முன்கூட்டி கண்டுபிடிக்கிற பகுதி தனியா), ஒரு மாஸ்டர்கிட்ட கிளாஸ் போனேன். ஒரு மணி நேரம் 38 பவுண்டு. முதல் நாளே தெரிஞ்சு போச்சு, பதினாலு மாசமா நான் எவ்ளோ தப்பா ஓட்டிருக்கேன்னு. ரவுண்டானால வலது பக்கம் இருந்து வர்ற வண்டிக்கு விட்டுட்டு தான் நுழையணும், நான் சந்து கிடைச்சா நுழைஞ்சிட்டு இருந்தேன். அப்புறம் ஹெட்லைட். நம்ம புதுவயல் ரோட்டுல அரிசி மில் லாரிக்காரர் லைட்ட டிம் அண்ட் டிப் அடிச்சா நான் வர்றேன் நீ ஒதுங்குன்னு அர்த்தம், இங்க பெரும்பாலும் நீ போ நான் நிக்கிறேன்னு அடிக்கிறாங்க. ரெண்டும் நேர் எதிர், இதக் கூட ஒருத்தர் சொல்லித் தராம, லெஃப்ட் சைடு தானேங்கிற ஒரே தைரியத்துல மழையிலயும் ராத்திரிலயும் ஓட்டிருக்கேன், நெனச்சா இன்னைக்கும் கை நடுங்குது.

ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணா "நீ தானம்மா கேட்ட"ன்னுட்டு பிளாக் பண்ணிட்டாரு. அய்யா செக்காலை ரோட்டு ஆபீஸுக்கு மூணு தடவ போனாக, ஷட்டர் இறங்கியே கிடக்கு. ஸ்டேஷன்ல மனு குடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வச்சிருக்கோம், காசு இன்னும் வரல. ஆன்லைன்ல காசு அனுப்பி ஏமாந்தவங்க உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணுங்க, லேட்டானா பிரயோஜனம் கம்மி, நாங்க லேட் பண்ணிட்டோம்.

இங்கயும் ஆளு இருக்காங்க. 900 பவுண்டு குடுங்க, டெஸ்ட் இல்லாம இந்திய லைசென்ஸ யூகே லைசென்ஸா மாத்தித் தர்றோம்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்ல எனக்கே மெசேஜ் வந்துச்சு. நேரா மாத்திக்கிற நாடுகள் பட்டியல்ல இந்தியா கிடையாது. சிங்கப்பூர், துபாய்ல டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கின நம்ம சொந்தக்காரங்க இங்க வந்தா அஞ்சு வருஷத்துக்குள்ள மாத்திக்க வழி இருக்கு, நமக்கு இல்ல. பிராக்டிகல் டெஸ்ட்டுக்கு கவர்மென்ட் ஃபீஸ் கிழமை நாள்ல 62 பவுண்டு தான், தேதி கிடைக்க மாசக்கணக்குல ஆகும், அந்த அவசரத்த வச்சு இருநூறு முந்நூறுன்னு கேக்கிறவங்களும் உண்டு.

அதனால இறங்குன முதல் மாசமே ப்ரொவிஷனல் போடுங்க. போட்டா எல் போர்டு மாட்டிட்டு பக்கத்துல ஆள் வச்சு தான் ஓட்டணும்னு பயந்துட்டு தள்ளிப் போடுறாங்க, அப்படி இல்ல, அந்த 12 மாசம் வரைக்கும் நம்ம லைசென்ஸ்லயே தனியா ஓட்டலாம். நடுவுல லீவுக்கு ஊருக்கு வந்து பிள்ளையார்பட்டி போயிட்டு திரும்பினா கணக்கு மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்காது, இதையும் நிறைய பேர் தப்பா சொல்றாங்க. ஒரிஜினல் அட்டைய கையோட கொண்டு வாங்க, போன்ல இருக்க காப்பிய நம்பாதீங்க.

ரெண்டாவது தடவ தான் நான் பாஸ் பண்ணேன். ஆனா அந்த 6 பாயின்ட் இன்னும் ரெக்கார்ட்ல நிக்குது, இன்சூரன்ஸ் எடுக்கப் போனா அதச் சொல்லி தான் எடுக்கணும், அதனால கூட வேலை பாக்கிறவங்களவிட நான் கட்டுறது ரொம்ப அதிகம். என் தம்பி செப்டம்பர்ல படிக்க வர்றான், அவனுக்கும் வேற ஒரு ஏஜென்ட் இதே சாம்பல் புக்க 12,000க்கு குடுக்கிறேன்னு சொல்லிருக்காரு. போன வாரம் சொன்னான். அந்த ஆளும் பத்து வருஷம்னு தான் சொல்றாராம்.