ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா: நடுவில் விமானம் மாறுபவர்களுக்கு

நம் ஊரிலிருந்து நேரடி விமானம் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. திருச்சியிலிருந்து மெல்போர்ன், மதுரையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், கோவையிலிருந்து டொராண்டோ என்று எங்கே கிளம்பினாலும் நடுவில் ஓர் ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டும். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுப்பதா, விலை குறைகிறதே என்று தனித்தனியாக எடுப்பதா? அம்மா அப்பாவை மெல்போர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பியபோது நான் இரண்டு வழியையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோலாலம்பூர் வழியாகத் தனித்தனியாக எடுத்திருந்தால் எங்கள் ஒரு மாத வீட்டு வாடகை மிச்சமாகியிருக்கும். ஆனாலும் சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட்டாகத்தான் எடுத்தேன். இப்போது யார் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். ஒரே இணையதளத்தில் ஒரே தடவை பணம் கட்டிவிட்டால் அது ஒரே டிக்கெட் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. தேடல் தளங்கள் இரண்டு நிறுவனங்களின் தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம் போலக் காட்டும். ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ (நடுவில் மாறுவது உங்கள் பொறுப்பு) என்ற வார்த்தை மட்டும் ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். ஆறு எழுத்து பிஎன்ஆரை வைத்தும் முடிவுக்கு வர முடியாது. ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து பறக்கும்போதுகூட ஆளுக்கொரு பிஎன்ஆர் வரலாம். பார்க்க வேண்டியது 13 இலக்க இ-டிக்கெட் எண்ணை. அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிக்கும்: 098 என்றால் ஏர் இந்தியா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 176 என்றால் எமிரேட்ஸ். இரண்டு விமானமும் அந்த ஒரே எண்ணுக்குக் கீழே இருந்தால் அது ஒரே டிக்கெட். பட்ஜெட் நிறுவனங்கள் பலவற்றில் இந்த எண்ணே இருக்காது. அங்கே இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆருக்குள், இணைப்புப் பயணமாகவே விற்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிராவல்ஸ்காரரிடம் எடுத்தால் பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தனித்தனி டிக்கெட் பல நேரம் மலிவு, சில நேரம் ரொம்பவே மலிவு. ஆனால் லக்கேஜைச் சேர்த்துப் பார்க்காமல் விலையை ஒப்பிடாதீர்கள். உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாக 15 கிலோதான் அனுமதி. அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்குப் பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. ஒரே டிக்கெட்டாக இருந்தால் மதுரை–சென்னைத் துண்டுக்கும் அந்த வெளிநாட்டுக் கணக்கே பொருந்தும். தனியாக எடுத்தால் மதுரைக் கவுண்டரிலேயே கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஊறுகாய், பருப்புப்பொடி, புடவை என்று பெட்டி கட்டும் வீட்டில் மிச்சம் பிடித்த தொகையில் பாதி அங்கேயே போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். முதல் விமானம் தாமதமானால் அந்தச் சுமை யாருடையது? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை.

ஒரே டிக்கெட் என்பது கடைசி ஊர் வரை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் செய்துகொண்ட ஒரே ஒப்பந்தம். ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறக் குறைந்தது இவ்வளவு நேரம் வேண்டும் என்று நிர்ணயம் உண்டு. அதற்குக் குறைவான இடைவெளியுள்ள இணைப்பைப் பதிவு அமைப்பு பொதுவாக விற்காது. முதல் விமானம் தாமதமானால், நீங்கள் இன்னும் வானத்தில் இருக்கும்போதே, அடுத்ததைப் பிடிக்க முடியாது என்பது அவர்கள் திரையில் தெரிந்துவிடும். அடுத்து எதில் இடம் இருக்கிறதோ அதில் உங்களை மாற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. இரவு தங்க இடம், சாப்பாடு எல்லாம் நிறுவனத்தையும் தாமதத்தின் காரணத்தையும் பொறுத்து மாறும். ஆனால் ஊர் போய்ச் சேர்வது மாறாது.

தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் முதல் விமானம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கவுண்டர் மூடும் நேரத்துக்குள் நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடத்துக்கு முன் மூடிவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் ‘நோ-ஷோ’, அதாவது வராத பயணி. அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணமும் இருந்தால் பொதுவாக அதுவும் சேர்ந்து ரத்தாகிவிடும். முதல் நிறுவனமோ, சென்னையில் இறக்கிவிட்டோம், எங்கள் வேலை முடிந்தது என்று சொல்லும். சட்டப்படி அது சரியும்கூட.

தெரிந்த பையன் ஒருவனுக்கு இது நடந்தது. மதுரையிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட், சென்னையிலிருந்து ஜெர்மனிக்குத் தனி டிக்கெட். நடுவில் நாலரை மணி நேரம் விட்டிருந்தான், குறைவென்று யாரும் சொல்ல முடியாது. சென்னையில் கொட்டும் மழை. மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த விமானம் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திரும்பியது. அங்கே டீசல் போடுவது போல எரிபொருள் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிடவில்லை. சென்னையில் இறங்க அனுமதி வரும்வரை உள்ளேயே உட்காரவைத்திருந்தார்கள். அவன் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது ஜெர்மனி விமானம் போய்விட்டது. மறுநாளுக்குப் புது டிக்கெட், கடைசி நேர விலையில். கல்லூரி சேரப் போகிற பிள்ளை, அப்பாவுக்கு போன் போட்டு அந்தத் தொகையைச் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறான். யார் மேலும் குற்றம் இல்லை, மழைதான். ஆனால் அந்த மழைக்கான செலவு முழுவதும் அவன் தலையில் விழுந்தது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் ஒரு நாள் தாமதத்தோடு போயிருக்கும்.

சென்னை வழியாகப் போகிறவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை மனதில் வைத்தே ஆக வேண்டும். மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பர் 4 அன்று ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமான நிலையத்தையே மூடினார்கள். மறு வருடம் நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலிலும் மூடினார்கள். டெல்லி வழியென்றால் டிசம்பர், ஜனவரி மூடுபனி. பட்டியல் நேரத்தை மட்டும் பார்த்து நாலு மணி நேரம் போதும் என்று சொல்வது, எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்கான கணக்கு.

சட்டமும் ஒரே டிக்கெட் பக்கம்தான் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் 2013-ல் ஒரு தீர்ப்பு வந்தது. ஜெர்மனியின் பிரெமனிலிருந்து பாரிஸ், சாவ் பாலோ வழியாகப் பராகுவே நாட்டின் அசுன்சியோனுக்கு ஒருவர் மொத்தமாக முன்பதிவு செய்திருந்தார். முதல் விமானம் கிளம்பியது சுமார் இரண்டரை மணி நேரம் தாமதமாக. இணைப்புகள் தவறி, கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்ததோ 11 மணி நேரம் தாமதமாக. முதல் விமானத்தின் தாமதம், இழப்பீட்டுக்கான மூன்று மணி நேர வரம்புக்கும் குறைவுதானே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கடைசி ஊரில் எவ்வளவு தாமதம் என்பதே கணக்கு என்றது. அத்தனை தூரப் பயணத்துக்கு அங்கே இழப்பீடு 600 யூரோ. தனித்தனியாக வாங்கியிருந்தால் இப்படிச் சேர்த்துக் கணக்குப் பார்க்கவே வழியில்லை. ஜெர்மனி, பிரான்ஸ் பக்கமிருந்து ஊருக்கு வரும் நம்மவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் பயணம் எந்த நிறுவனத்தில் இருந்தாலும் இந்த விதி பொருந்தும்.

நம் ரயில்வேயில்கூட 2019 ஏப்ரல் முதல் இரண்டு ரயில்களின் பிஎன்ஆரை இணைக்கும் வசதி இருக்கிறது. முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் இணைத்திருக்க வேண்டும். விமானத்தில் அந்த இணைப்புதான் ஒரே டிக்கெட்.

பெட்டிக்கும் விசாவுக்கும் வருவோம். தனித்தனி டிக்கெட்டில் பெட்டி பொதுவாக முதல் விமானம் இறங்கும் ஊரோடு நின்றுவிடும். நீங்கள் வெளியே வந்து, எடுத்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். அது வெளிநாடாக இருந்தால், வெளியே வரக் குடிநுழைவை (இமிக்ரேஷன்) தாண்ட வேண்டும், பல நாடுகளில் அந்த நாட்டு விசாவும் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூரில் விசா தேவை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற சில நாட்டு விசா வைத்திருப்பவர்களுக்கு நிபந்தனைகளோடு 96 மணி நேரச் சலுகை உண்டு, ஆனால் அதை நம்பி டிக்கெட் எடுக்கும் முன் நிபந்தனைகளை வரி வரியாகப் படிக்க வேண்டும். விசா இல்லையென்றால் திருச்சிக் கவுண்டரிலேயே ஏற்ற மாட்டார்கள். தகுதியில்லாதவரை ஏற்றிப்போனால் நிறுவனத்துக்கு அபராதம். கோலாலம்பூரில் இன்னொரு சிக்கல், இரண்டு டெர்மினல்கள். ஏர் ஏசியா இறங்குவது இரண்டாவதில். மலேசியா ஏர்லைன்ஸ் கிளம்புவது முதலாவதில். நடுவில் ரயிலேற வேண்டும். ரயிலில் சில நிமிடம்தான், ஆனால் பெட்டிகளோடு, புது இடத்தில், வயதானவர்கள்.

எங்கள் வீட்டில் முடிவைத் தீர்த்துவைத்தது இதுதான். அப்பாவுக்கு முழங்கால் வலி, சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். ஒரே டிக்கெட்டில் ஒரு தடவை பதிந்தால் அந்தக் கோரிக்கை அடுத்த விமானத்துக்கும் போய்ச் சேரும். சிங்கப்பூரில் விமானக் கதவருகே ஆள் வந்து நிற்பார். படி ஏற முடியுமா, முடியாதா என்பதற்குத் தனித்தனிக் குறியீடு இருக்கிறது, அதனால் பதியும்போது சரியாகச் சொல்ல வேண்டும். திருச்சிக் கவுண்டரில் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, சிங்கப்பூர்ல பொட்டிய எறக்கணுமா?” கவுண்டரில் இருந்த பையன் பெட்டியில் சுற்றிய பட்டையைத் திருப்பிக் காட்டினான். பெரிய எழுத்தில் எம்.இ.எல்., மெல்போர்ன். “அங்கதாம்மா எடுக்கணும்” என்று இரண்டு போர்டிங் பாஸையும் சேர்த்துக் கையில் கொடுத்தான். அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, கூடுதலாகக் கொடுத்த பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரே டிக்கெட்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முதல் விமானத்தில் ஏறாமல் விட்டால் மற்றவை ரத்து. “சென்னைக்குக் காரில் போய்விடுகிறேன், அங்கிருந்து ஏறிக்கொள்கிறேன்” என்பது சொல்லாமல் கொள்ளாமல் நடக்காது. குறைந்தபட்ச இடைவெளிக்குச் சற்றே கூடுதலாக வைத்து விற்கும் இணைப்புகளும் இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேர இணைப்பை எடுக்காதீர்கள், இரண்டரை, மூன்று என்று பாருங்கள். திரும்பி இந்தியா வரும்போது, மேற்கொண்டு உள்நாட்டு விமானம் இருந்தால், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் முதலில் இறங்கும் இந்திய ஊரில் பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து மறுபடி போட வேண்டும். அமெரிக்காவில் நுழையும்போதும் இதே முறை. வளைகுடா வழிகளில் என் அனுபவம் குறைவு, அதனால் அந்த நிறுவனங்களின் நடைமுறையைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

தனித்தனி டிக்கெட் பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. நடுவில் உள்ள ஊரில் சொந்தக்காரர் வீட்டில் ஓரிரு நாள் தங்கப் போகிறீர்கள், கைப்பையோடு தனியாகப் போகிற இளவயது ஆள், போய்ச் சேரும் நாள் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை என்றால் தாராளமாக எடுக்கலாம். அப்போது மணிக்கணக்கில் இடைவெளி வைக்காதீர்கள், ஓர் இரவு வையுங்கள். சென்னை வழியென்றால் முந்தின நாளே ரயிலில் வந்துவிடுவதும் நல்ல யோசனை. இன்ஷூரன்ஸ் எடுத்தால், இணைப்பு தவறுவதற்கான பகுதியில் தனித்தனி டிக்கெட்டும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாம் மீறி இந்தியாவில் விமானம் தவறிப்போனால், டிக்கெட்டில் உள்ள வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பிக் கேளுங்கள். பயணம் செய்யாதவருக்கு அவற்றைத் தர வேண்டும் என்று, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி இருக்கிறது.