ஊருக்குப் பூ அனுப்ப எது நல்ல வழி: இணையப் பூங்கொத்தா, கோயில் வாசல் பூவா, தொட்டிச் செடியா?

என் அம்மாவும் அப்பாவும் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். ஒரு பெருமாள் கோயில், அதை ஒட்டி ஒரு கடைத்தெரு, ஒரு தபால் ஆபீஸ், ஒரு பேங்க். அத்தை இன்னும் தெற்கே, வேதாரண்யம் பக்கம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். பிறந்தநாள், கல்யாண நாள், பொங்கல் என்று வருஷத்துக்கு நாலைந்து முறையாவது அவர்களுக்குப் பூவோ செடியோ அனுப்புகிறேன். எல்லா வழியிலும் அனுப்பிப் பார்த்தாயிற்று. டெல்டாவில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிற நிறையப் பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதால், பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் இணையப் பூங்கொத்து. வலைத்தளத்தில் பின்கோடு போட்டால் "டெலிவரி உண்டு" என்று பச்சையில் காட்டும். அதை நம்புவதற்கு முன் அதன் அர்த்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய ஊர் என்றால் அங்கே இருக்கிற ஒரு பூக்கடைக்கு ஆர்டர் போகும், கடைப் பையன் கையில் கொண்டுவந்து கொடுப்பான். சின்ன ஊர் பின்கோடு என்றால் பெரும்பாலும் பெட்டியில் போட்டு கூரியரில் வரும். இரண்டுக்கும் படம் ஒன்றுதான், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். படத்தில் உள்ள பூ கிடைக்காவிட்டால் அதே விலைக்கு வேறு பூ வைப்போம் என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு 1,450 ரூபாய்க்குச் சிவப்பு ரோஜாவும் ஜெர்பராவும் சேர்ந்த ஒரு கொத்து சொல்லியிருந்தேன். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நேரம். பிறந்தநாளுக்கு மறுநாள் மதியம் மூணு மணிக்கு வந்தது. வீடியோ காலில் அம்மா பிரித்துக் காட்டினார். கண்ணாடித் தாளுக்குள் வேர்த்து, உள்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாக நின்றது. ஜெர்பரா எல்லாம் கழுத்து ஒடிந்து தொங்கியது. ரோஜாவின் வெளி இதழ்கள் ஓரம் கறுத்துப்போயிருந்தன. அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நல்லதாக ஆறு ரோஜாவைப் பொறுக்கி, காம்பைக் கிள்ளி, சாமி படங்களுக்கு வைத்தார். மிச்சத்தை ஒரு பித்தளைச் சொம்பில் செருகி டிவி பக்கத்தில் வைத்தார். ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "வாசனையே இல்லையேம்மா" என்றார். அவ்வளவுதான்.

தப்பு பூவின்மேல் இல்லை. இந்த ரோஜாவும் ஜெர்பராவும் ஓசூர், பெங்களூரு பக்கத்துப் பசுமைக் குடில்களில் வளர்ந்தவை. ரோஜாவை வெட்டியதிலிருந்து 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைத்திருந்தால்தான் தாங்கும். ஜெர்பராவின் காம்பு உள்ளே கூடாக இருக்கும், தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் பூவின் கனம் தாங்காமல் வளைந்துவிடும். அதனால்தான் பூங்கொத்தில் அதற்குக் கம்பியோ பிளாஸ்டிக் குழலோ மாட்டி நிற்கவைக்கிறார்கள். திருச்சி வரைக்கும் எப்படியோ வந்துவிடும் பூ, அங்கிருந்து தாலுகா ஊர் கூரியர் ஆபீஸ், தகரக் கூரை, பிறகு பைக்கின் பின்னால் ஒரு மூட்டை என்று போகிற அந்தக் கடைசித் தூரத்தில்தான் வாடுகிறது.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஊரில் கதவு எண் சொன்னால் யாருக்கும் தெரியாது. "பிள்ளையார் கோயில் தாண்டி, குளத்துக்கு மேல்கரை, டெய்லர் வீட்டுக்கு எதிர்வீடு" என்றால் தெரியும். கூரியர் பையன் போன் செய்வான், தெரியாத நம்பர் என்று அம்மா எடுக்க மாட்டார். எடுத்தாலும் ஓடிபி கேட்டால் சொல்ல மாட்டார். யாருக்கும் ஓடிபி சொல்லாதே என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், அவர் செய்தது சரிதான். ஆகவே, சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று போய் நிற்க வேண்டும் என்ற ஆசைக்கு இந்த வழி ஒத்துவராது.

அதற்காகப் பூங்கொத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குகிறவர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். புது கிளினிக் திறப்பு, ஆபீஸில் ஒருவருக்குப் பதவி உயர்வு, ரிட்டயர்மென்ட் போன்ற மேடை சார்ந்த விஷயங்களுக்குப் பூங்கொத்துதான் பொருத்தம். சின்ன ஊருக்கே வேண்டும் என்றால், பக்கத்துப் பெரிய ஊரில் கொத்து கட்டுகிற கடைக்கு நேராகப் போன் செய்து, ஆட்டோவில் அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் ஊருக்கு ஆட்டோ கூலி 300 ரூபாய் ஆனது. கூலி கனம்தான், ஆனால் பூ ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருந்தது. இரவு ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டும் பார்த்தேன். காலை அஞ்சு மணிக்கு பஸ் நிற்கிற இடத்தில் போய் வாங்க ஆள் வேண்டும், அப்பாவைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

இப்போது கோயில் வாசல் பூ. எனக்கு மனதுக்கு நெருக்கமான வழி இதுதான்.

அடுத்த வருஷம், பெருமாள் கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவின் நம்பரை எதிர்வீட்டுத் தம்பியிடம் வாங்கி, முதல்நாளே கூப்பிட்டேன். நான் யார் வீட்டுப் பெண் என்று சொன்னதும் வழி கேட்கவே இல்லை. "மல்லி மட்டும் வேணாம்மா, நாளைக்கு முகூர்த்தம், வெல தாறுமாறா ஏறும். கதம்பமா கட்டித் தர்றேன், உங்க அம்மாவுக்கு மரிக்கொழுந்துன்னா உசுரு" என்றார். என் அம்மாவுக்கு மரிக்கொழுந்து பிடிக்கும் என்பது நாற்பது வயதில் எனக்கு ஒரு பூக்கார அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதம்பத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்கு மல்லி அல்லது முல்லை, ஆரஞ்சுக்குக் கனகாம்பரம், பச்சைக்கும் வாசனைக்கும் மருவோ மரிக்கொழுந்தோ, இடையிடையே வேறு நிறப் பூக்கள் என்று வரிசை மாறாமல் நெருக்கிக் கட்டுவது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மல்லி காலையில் மொட்டாகப் பறித்தது, சாயங்காலம் விரியும், மறுநாள் பழுத்துவிடும். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது, ஆனால் இரண்டு மூன்று நாள் நிறம் மாறாமல் இருக்கும். மரிக்கொழுந்து காய்ந்த பிறகும் மணக்கும். ஒன்று விட்டதை ஒன்று பிடித்துக்கொள்கிறது.

நார் வாழை நார். நனைத்து, நகத்தால் கிழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாலு பூவை எதிரெதிராக வைத்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முழங்கையில் இருந்து விரல்நுனி வரை ஒரு முழம். கட்டியதை வாழையிலையில் சுருட்டித் தண்ணீர் தெளித்துக் கட்டினால் குளிர்பெட்டி தேவையில்லை. இலைக்குள் ஈரம் நிற்கும், காற்றும் போய்வரும். கண்ணாடித் தாள் செய்யாததை அந்த இலை செய்கிறது.

காலை ஆறரை மணிக்கு அக்காவின் மகன் டிவிஎஸ் 50-இல் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். பத்து முழம் கதம்பம், சாமிக்கு ஒரு ரோஜா மாலை, ஒரு பை உதிரிப்பூ, எல்லாம் சேர்ந்து போன வருஷம் கொத்துக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. பணம் ஜிபேயில். அம்மா தனக்கு இரண்டு முழம் எடுத்துக்கொண்டு, எதிர்வீடு, பக்கத்துவீடு, பால் ஊற்றுகிற அம்மா என்று கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். "பொண்ணு அனுப்புச்சு" என்று தெருவில் எல்லார் தலையிலும் அன்றைக்கு அந்தப் பூ இருந்தது. பூங்கொத்தை இப்படிப் பங்குபோட முடியாது. எங்கள் பக்கம் பூ என்றால் சூட, சாமிக்குப் போட, நாலு பேருக்குக் கொடுக்க. பார்த்துக்கொண்டு இருப்பதற்கு மட்டும் என்று ஒரு பூவை யாரும் வாங்குவதில்லை.

இந்த வழிக்கும் சிரமம் உண்டு. விலை நாளுக்கு நாள் மாறும். முகூர்த்த நாளிலும் ஆடிப்பெருக்கிலும் ஏறும். மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லி வரத்து சுருங்கிவிடும், கிலோ ஆயிரங்களில் விற்கும். அந்த மாதங்களில் மல்லிக்கு அடம்பிடிக்காமல், அன்றைக்கு வருகிற பூவைப் பூக்கட்டுகிறவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், செவ்வந்தி என்றால் நாலு நாள் இருக்கும். அழகான அட்டை, ரிப்பன் எல்லாம் வராது. பக்கத்தில் எந்தச் சந்தை என்பதும் முக்கியம். தஞ்சாவூர் பூக்காரத் தெரு, ஸ்ரீரங்கம் சாத்தார வீதி, கீரமங்கலம் பூ மார்க்கெட் இவற்றில் ஒன்றுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற ஊர்களுக்குப் பூ பஞ்சமில்லை. வேதாரண்யம் பக்கத்தில் ஆதனூர், கருப்பம்புலம் போன்ற கிராமங்களில் முல்லை வயலிலிருந்தே வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அந்தப் பக்கத்து மரங்களையும் தோட்டங்களையும் சாய்த்துப்போட்டது. அங்கிருந்து திரும்ப ஒரு கூடை முல்லை வருகிறதென்றால் அது சும்மா வந்ததில்லை.

ஆனால் கட்டிய பூ எல்லாருக்கும் ஆகாது. என் அத்தை, மாமா போனதிலிருந்து தலையில் பூ வைப்பதில்லை. வைத்தால் என்ன என்று நாங்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். அது அவர் முடிவு. அப்படிப்பட்டவருக்கு நாலு முழம் மல்லிகையை அனுப்பிவைத்தால், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அத்தைக்காகத்தான் நான் செடிப் பக்கம் போனேன்.

அதிலும் முதலில் இணையத்தில்தான். வெள்ளைப் பீங்கான் தொட்டியில் பீஸ் லில்லி. அஞ்சு நாள் இருட்டுப் பெட்டிக்குள் பயணம். தொட்டி விளிம்பு உடைந்து, தேங்காய் நார்த்தூள் பெட்டி முழுக்கச் சிதறி, கீழ் இலைகள் மஞ்சளாகி வந்து சேர்ந்தது. அத்தை அதைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார். அப்படியும் இலை நுனி ஒவ்வொன்றாகக் காய்ந்தது. காரணம் தண்ணீர். கடலோர டெல்டாவில், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டைப் பக்கங்களில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. பீஸ் லில்லிக்கு உப்பு ஆகாது. வலைத்தளத்தில் "பராமரிப்பு மிகக் குறைவு" என்று போட்டிருந்தார்கள். அது எந்த ஊர்த் தண்ணீருக்கு என்று போடவில்லை.

கூரியரில் தாங்குகிற செடிகளும் இருக்கின்றன. அடீனியத்தை மண் இல்லாமல் வெறும் வேரோடு அனுப்பினாலும் ஒரு வாரம் தாங்கும். ஸ்நேக் பிளாண்ட் இருட்டையும் பொறுக்கும், தண்ணீர் மறந்தாலும் பொறுக்கும். ஊர் நர்சரியில் கிடைக்காத ரகம் கேட்கிற செடிப் பைத்தியங்களுக்கு இணையம் நல்ல வழிதான். மற்றவர்களுக்கு உள்ளூர்ச் செடியே மேல்.

மன்னார்குடி பக்கம் மூவாநல்லூரிலும், தஞ்சாவூர் பக்கம் மருங்குளத்திலும் அரசு தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. சாலையோர நர்சரிகளும் உண்டு. அங்கே இருக்கிற கன்றுகள் இந்த வெயிலைப் பார்த்தவை. சொந்தக்காரப் பையன் ஒருவன் பைக்கில் போய் வாங்கிக்கொண்டு கொடுத்தால் முடிந்தது. வாங்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: நிழலா வெயிலா, ஆடு வருமா. வாசலில் ஆடு மேய்கிற தெரு என்றால் செம்பருத்தி ஒரு வாரம்கூட நிற்காது. அரளியை ஆடு தொடாது, ஆனால் அது விஷம், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

தொட்டிக்காக அதிகம் செலவழிக்காதீர்கள். ஊரில் எந்தச் செடியும் தொட்டியில் நெடுநாள் இருக்காது. "தொட்டியில எதுக்கு, கொல்லையில வச்சா நல்லா வரும்ல" என்று ஒரு வாரத்தில் மண்ணுக்குப் போய்விடும். டெல்டா மண் களி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கட்டி வேர் அழுகும், கோடையில் வெடிக்கும். கொஞ்சம் மேடு கட்டி, மணல் கலந்து, புரட்டாசியில் நட்டால் பிழைத்துக்கொள்ளும்.

அத்தைக்கு ஒரு பவழமல்லிக் கன்று வாங்கிக்கொடுத்தேன். இரவில் பூத்து விடியும்போது தானாக உதிர்ந்துவிடும். மற்றப் பூ தரையில் விழுந்தால் சாமிக்கு ஆகாது என்பார்கள், பவழமல்லிக்கு அந்த விதி இல்லை. தலையில் வைக்க வேண்டாம், கட்ட வேண்டாம், விலை கேட்க வேண்டாம். இரண்டாவது வருஷ ஆவணியில் பூத்தது. சாணி தெளித்த வாசலில் ஆரஞ்சுக் காம்பு மேலே தெரியக் கவிழ்ந்து கிடக்கிற பூக்களை அத்தை குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாம்பாளத்தில் போடுவதை அவர் பேத்தி படம் எடுத்து அனுப்பினாள்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்றால் மாலையைச் சென்னையிலிருந்து சுமக்க வேண்டாம், கோயிலைச் சுற்றியே மாலைக் கடைகள் உண்டு, முதல்நாளே சொல்லிவிட்டால் போதும். துக்க வீட்டுக்கு உள்ளூர் மாலைதான், வேறு எதையும் யோசிக்காதீர்கள், நேரம் இருக்காது.

பூக்கார அக்காவுக்குப் போன் செய்வதென்றால் முதல்நாள் மதியம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் செய்யுங்கள். காலையில் கை ஓயாது, சாயங்காலம் கோயில் கூட்டம். பணத்தை முன்னாடியே போட்டுவிடுங்கள், விடிகாலையில் சந்தையில் அவர் கைக்காசு போட்டுத்தான் பூ எடுக்க வேண்டும்.