சட்டைப்பைக் கமராவா, பெரிய உணரிக் கமராவா?

நல்லூர்த் திருவிழாவின் மாலை வீதியுலாவைப் படமெடுக்க விரும்புவோர் (கோயிலின் உள்ளே எக்கமராவுக்கும் அனுமதியில்லை), 2019இல் வெளிவந்த, வில்லையை மாற்றக்கூடிய சோனி ஏ6400 மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடியற்ற) கமராவுக்கும் அதே ஆண்டின் சோனி சட்டைப்பைக் கமராவான ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்புக்கும் இடையே தயங்குவது இயல்பே.

முன்னதன் உணரி (ஒளியை ஏற்றுப் படமாக்கும் பகுதி) 23.5க்கு 15.6 மில்லிமீற்றர், பின்னதன் உணரி 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். பரப்பில் ஏறத்தாழ மும்மடங்கு வேறுபாடு இருப்பதால், மங்கிய ஒளியில் பெரிய உணரியின் படமே தெளிவாக இருக்கும். ஆயினும் ஏ6400உடன் சேர்த்து விற்கப்படும் 16–50 மில்லிமீற்றர் வில்லையின் மிகப் பெரிய துளை எஃப் 3.5 மட்டுமே, சிறிய கமராவினதோ எஃப் 2.8 (எண் சிறிதானால் துளை பெரிது, ஒளி கூடுதலாக நுழையும்) என்பதால், அந்த வில்லையோடு நின்றுவிடுபவருக்கு மும்மடங்கு நன்மை இருமடங்காகச் சுருங்கிவிடுகிறது. கடைகளில் இதை எடுத்துச் சொல்பவர் அரிது. எஃப் 1.8 வில்லை ஒன்றைத் தனியாக வாங்கும் எண்ணம் இல்லாதவருக்கு நான் பெரிய கமராவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கச் செல்பவருக்கு 302 கிராம் எடையுள்ள சிறிய கமராவே உகந்தது; அகன்ற காட்சி முதல் தொலைவிலுள்ளவை வரை எடுக்கவல்ல, 24 முதல் 200 மில்லிமீற்றருக்கு நிகரான வீச்சு அதிலேயே இருப்பதால், உப்புக்காற்றில் வில்லையைக் கழற்றி உணரியில் தூசு படியவிடும் அச்சமில்லை. எனினும் வெளியே நீண்டு உள்ளிழுக்கப்படும் அதன் வில்லைக்குழலுக்கு மணல் பகையென்பதால், கடற்கரையில் அதை உறையிலிட்டே வைத்திருக்க வேண்டும்.

சுண்டிக்குளத்துப் பறவைகளுக்கு அந்த 200 மில்லிமீற்றர் போதாது. அங்கு நீண்ட வில்லை பூட்டிய ஏ6400 மட்டுமே பயன்படும்.