ஏ.டி.சி. சிப்புக்கு எந்த டிரைவர்: ஐ2சி-டெவ், ஹெச்.டபிள்யூ.மான், ஐ.ஐ.ஓ.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு மோட்டார் கொட்டகை. குறுவை நடவு முடிந்த நேரம். மாமாவிடமிருந்து போன். உறவில் மாமா இல்லை, ஊர் வழக்கம்.

“தம்பி, வாய்க்கா காஞ்சு கெடக்கு. ஒம் பொட்டி ரெண்டடி தண்ணின்னு காட்டுது. என்னதான்யா அளக்குது அது?”

பெட்டிக்குள் இருப்பது ஒரு ராஸ்பெர்ரி பை. அதன் பின்களில் அனலாக் உள்ளீடு கிடையாது என்பதால் ஏ.டி.எஸ்.1115 என்ற ஏ.டி.சி. சிப்பை (வோல்டேஜை எண்ணாக மாற்றித் தருவது) ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பில் இணைத்திருந்தேன். 16 பிட், 4 சேனல், விநாடிக்கு அதிகபட்சம் 860 அளவீடு. ஒன்றரை மீட்டர் வரை அளக்கும் நீர்மட்ட சென்சார் சேனல் 0-வில். மோட்டார் கரன்ட் சேனல் 1-இல். இரண்டுக்கும் தனித்தனிப் பைத்தான் புரோகிராம், இரண்டும் ஐ2சி-டெவ் வழியாக, அதாவது சிப்போடு புரோகிராமே நேரடியாகப் பேச லினக்ஸ் தரும் வழி.

கோளாறு அங்கேதான். சேனல் எத்தனை இருந்தாலும் சிப்புக்குள் மாற்றி ஒன்றுதான், முடிவு வந்து உட்காரும் ரெஜிஸ்டரும் ஒன்றுதான். நீர்மட்டப் புரோகிராம் “சேனல் 0” என்று எழுதிவிட்டுக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் மற்றது “சேனல் 1” என்று எழுதிவிடும். முன்னது படிப்பது பின்னதின் விடையை. கரன்ட் சேனலின் நடுப்புள்ளி 1.65 வோல்ட். அதை 150 ஓம் மின்தடையில் வந்த 4-20 மில்லியாம்ப் சிக்னலாக (4 என்றால் தண்ணீர் இல்லை, 20 என்றால் ஒன்றரை மீட்டர்) எண்ணினால் 11 மில்லியாம்ப், அதாவது சுமார் 65 சென்டிமீட்டர். மாமா சொன்ன ரெண்டடி. வாய்க்கால் காய்ந்ததால் போர் மோட்டாரைப் போட்டார். மோட்டார் ஓடும்போது மட்டும் இயங்கும் கரன்ட் புரோகிராம் விழித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது!

ஐ2சி-டெவ் கெட்டது என்று சொல்லவில்லை. புது சிப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிடச் சுருக்கு வழி கிடையாது. ஒரு சிப்பின் முகவரியைக் கெர்னல் டிரைவர் (லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குள் இருந்து சிப்பை இயக்கும் நிரல்) பிடித்திருந்தால், வலுக்கட்டாயம் செய்யாதவரை, “பிஸி” என்று மறுத்தும் விடும். ஆனால் வெளியே இருக்கும் இரண்டு புரோகிராம்கள் ஒன்றையொன்று மிதித்தால் கேட்க ஆளில்லை. எல்லாவற்றையும் ஒரே புரோகிராமில் வைத்துப் பூட்டுப் போடலாமே என்பீர்கள். போடலாம். அப்போது நீங்கள் எழுதுவது டிரைவர்தான், கெர்னலுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு.

ஹெச்.டபிள்யூ.மான் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மதர்போர்டின் வோல்டேஜ், வெப்பம், ஃபேன் வேகம் பார்க்கப் பிறந்தது. இந்த சிப் குடும்பத்துக்கு லினக்ஸில் முதலில் இருந்த டிரைவரே அங்கேதான். அதில் வோல்டேஜ் முழு மில்லிவோல்ட் எண்ணாகத்தான் வரும். 4.096 வோல்ட் வரம்பில் சிப் தருவதோ 0.125 மில்லிவோல்ட் துல்லியம். எட்டில் ஏழு பங்கு அங்கேயே போயிற்று. வாய்க்கால் மட்டத்துக்கு அதுவே போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: என் சென்சாரில் ஒரு மில்லிவோல்ட் என்பது 0.6 மில்லிமீட்டர் சொச்சம், காற்றடித்தால் எழும் அலையே அதைவிடப் பெரிது. 2016-இல் இதே சிப்புக்கு ஐ.ஐ.ஓ. (சென்சார், ஏ.டி.சி.களுக்கான கெர்னல் பகுதி) டிரைவர் வந்தது, பழையது பிறகு நீக்கப்பட்டது. ஹெச்.டபிள்யூ.மான் முகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஐ.ஐ.ஓ. சேனலை அப்படிக் காட்டும் பால டிரைவர் ஒன்று இருக்கிறது.

என் ஓட்டு ஐ.ஐ.ஓ.வுக்கு, இண்டஸ்ட்ரியல் ஐ.ஓ. என்பதன் சுருக்கம். காரணம் ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது. சேனலை மாற்றியதும் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? விநாடிக்கு 128 அளவீடு என்றால் ஒன்றுக்கு 7.8 மில்லிசெகண்ட். நான் பைத்தானில் 8 வைத்திருந்தேன், சாமர்த்தியம் என்று நினைப்பு. ஐ.ஐ.ஓ. டிரைவர் சிப்பைத் தொடர் ஓட்டத்தில் வைத்து, பழைய அமைப்பின் ஒரு முழுச் சுற்று, புதியதின் ஒரு முழுச் சுற்று இரண்டையும் கூட்டி, அதன்மேல் 10 சதவீதம் சேர்த்துக் காத்திருக்கிறது. சிப்பின் உள்கடிகாரம் அவ்வளவு முன்னேபின்னே போகலாம். ஆக 17 மில்லிசெகண்ட். அத்தனையும் மியூடெக்ஸ் என்ற ஒரு பூட்டுக்குள், அதனால் யாரும் நடுவில் புக முடியாது.

ஐ.ஐ.ஓ.வுக்குள்ளும் இரண்டு பாதை. சிஸ்ஃபெஸ் கோப்பை (கெர்னல் தன்னிடமுள்ள எண்ணைக் கோப்பாகக் காட்டுவது) திறந்து ஒவ்வொரு எண்ணாகப் படிப்பது ஒன்று. எப்போது அளப்பது என்று சொல்லும் டிரிகர் வைத்துப் பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பில் நிரப்பி மொத்தமாக அள்ளுவது இன்னொன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் பார்க்கிறவருக்குப் பஃபர் எதற்கு? 50 ஹெர்ட்ஸ் கரன்ட் அலைக்கு அது வேண்டும், நேரமுத்திரையோடு. ஆனால் இந்த டிரைவரின் பஃபர் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் ஏற்கும். மூன்று ஃபேஸையும் ஒரே கணத்தில் பிடிக்க நினைப்பவர் டிரைவரை நொந்து பயனில்லை, சிப்பை மாற்ற வேண்டும். ஏ.டி.7606 எட்டு சேனலையும் ஒருசேர எடுக்கும், அதற்கும் ஐ.ஐ.ஓ. டிரைவர் உண்டு. விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

நாலாவதாக ஒரு வழியையும் முயன்றிருந்தேன்: சொந்தமாக ஒரு கேரக்டர் டிவைஸ் டிரைவர், படித்தால் நேரே சென்டிமீட்டர். பெருமையாகத்தான் இருந்தது. மின்தடையை மாற்றினால் கெர்னல் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. ஐ.ஐ.ஓ. டிரைவர் சிப்பின் எண்ணையும் ஸ்கேலையும் மட்டும் தரும், பெருக்கினால் மில்லிவோல்ட். 150 ஓம் இருப்பதை டிவைஸ் ட்ரீயில் (என்னென்ன இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) எழுதினால் ரீஸ்கேல் டிரைவர் அதை மில்லியாம்பாகவே காட்டும். வாய்க்காலின் ஆழம் கெர்னலுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் எழுதிய அந்தப் பழைய டிரைவரில் 4 மில்லியாம்புக்குக் கீழே எது வந்தாலும் “0 சென்டிமீட்டர்” என்று திருத்தி அனுப்பியிருந்தேன். ஐ.ஐ.ஓ. அப்படித் திருத்துவதில்லை. போன வாரம் மில்லியாம்ப் எண் சைபரை ஒட்டி வந்து நின்றது. காய்ந்த வாய்க்கால் என்றால் 4 வந்திருக்க வேண்டும். மாமாவிடம் கம்பியைப் பார்க்கச் சொன்னேன். வரப்போரமாக எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது.