கல்லடியில் ஒரு ஷெப்பர்ட்ஸ் பை

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டி, கடற்கரைப் பக்கம் உள்ள சின்னக் கடை. சனிக்கிழமை பின்னேரம் மட்டும் இங்கிலாந்துக்காரர்களின் இந்த இறைச்சிப் பை (pie) போடுகிறார்கள். கொத்திய இறைச்சிக்கு மேல் கிழங்கு மசியல் பரப்பிச் சுடுவது. ஆட்டிறைச்சி என்றால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டிறைச்சி என்றால் கொட்டேஜ் பை. இரண்டும் உண்டு. ஆட்டையே எடுங்கள்.

மேலே இருக்கும் கிழங்கு மசியல்தான் விசேஷம். மிக்சியில் அடித்தால் உருளைக்கிழங்கின் மாச்சத்து வெளிவந்து பசை மாதிரி இழுபடும். இவர்கள் சூட்டோடு கையால் மசித்து, பட்டரும் பாலும் சேர்த்து, முள்ளுக்கரண்டியால் கோடு கீறிப் போறணையில் வைக்கிறார்கள். அந்த வரம்புகள் மட்டும் பொன்னிறமாக முறுகியிருக்கும். அதைச் சுரண்டித் தின்பதில் எனக்கும் மகளுக்கும் சண்டை.

கீழே கொத்திய இறைச்சி, கரட், வெங்காயம், வூஸ்டர் சோஸ். அதில் தண்ணி கொஞ்சம் கூடிவிட்டது. நன்றாக வற்றவிட்டு, ஆறிய பிறகு மசியலைப் பரப்பினால் அது இப்படி அமிழாது. உறைப்பு கிடையாது, இந்தச் சாப்பாடு அப்படித்தான். கட்டச் சம்பல் கேட்டால் தருவார்கள். பிறகு நீங்கள் சாப்பிடுவது சம்பலைத்தான்.

விலை கூடத்தான், ஆனால் ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம். பிந்திப் போனால் மாட்டிறைச்சிதான் மிஞ்சியிருக்கும்.