மஸ்கட்டில் ஒருநாள் கார் பேசுகிறவர்கள் கவனத்துக்கு

போன டிசம்பரில் அம்மாவை மஸ்கட்டுக்கு அழைத்துப் போனேன். ரூவியில் அறை எடுத்திருந்தோம். ஊர் சுற்றிக்காட்ட ஒரு டிரைவரை வாட்ஸ்அப்பிலேயே பேசி வைத்தேன். காலை 8 முதல் மாலை 6 வரை 25 ரியால், பாதி முன்பணம். ஒரு ரியால் நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்கு மேல். அவர் யார் என்று இங்கே சொல்லவில்லை. எப்படி ஏமாந்தோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அம்மா அங்கே பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: 2001-இல் திறந்த சுல்தான் காபூஸ் பெரிய மசூதியின் தரைவிரிப்பு. ஈரானில் 600 பெண்கள் நான்கு வருடம் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது, எடை 21 டன். அம்மா பவானியில் ஜமுக்காளத் தறியோடு வளர்ந்தவர். அதைக் கேட்ட நாளிலிருந்து அதே பேச்சு. தலையில் போட ஒரு வெள்ளைத் துப்பட்டாவை முந்தின இரவே இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்தார்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு வரவேண்டியவர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். மசூதிக்கு நேராகப் போகவேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். "வழியில் ஐந்து நிமிஷம்" என்று ஒரு அத்தர் கடையில் நிறுத்தி, நாற்பது நிமிஷம் உட்கார வைத்தார். மசூதி வாசலை அடைந்தபோது மணி பதினொன்று பத்து. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு காலை 8 முதல் 11 வரைதான் அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. காவலர் மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் விடவில்லை. அம்மா துப்பட்டாவைக் கழற்றாமல் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் வெள்ளி. மதியமே எங்களுக்கு விமானம்.

தினமும் ஆள் கூட்டிப்போகிற டிரைவருக்கு இந்த நேரம் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

அப்புறம் பழைய மஸ்கட். அல் ஆலம் அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும், அது சரி. ஆனால் துறைமுகத்தின் இரு பக்கமும் பாறைமேல் நிற்கும் ஜலாலி, மிரானி கோட்டைகளைக் கண்ணாரப் பார்க்கக்கூட விடவில்லை. போர்த்துக்கீசியர் 1507-இல் பிடித்து, 1650-இல் ஓமானியரிடம் இழந்த துறைமுகம் அது. பத்தாவது நிமிஷம் ஹாரன் அடித்தார்.

முத்ரா சூக்குக்கு (பழைய கடைத்தெரு) எங்களை இறக்கியது ஒன்றரை மணிக்கு. அங்கே பெரும்பாலான கடைகள் மதியம் அடைத்து, நான்கு ஐந்து மணிக்குத்தான் மறுபடி திறக்கும். திறந்திருந்த ஒரே பெரிய கடை அவருக்குத் தெரிந்த கடை. அங்கே லுபான் வாங்கினேன். தெற்கு ஓமானில் தோஃபார் பக்கத்து மரத்திலிருந்து எடுக்கும் பிசின், நம் சாம்பிராணி மாதிரி தணலில் போடுவது. உயர்ந்த ரகமான ஹோஜரி என்று சொல்லி, பில்லில் 12.500 என்று எழுதினார்கள். ஒரு ரியாலுக்கு 1000 பைசா, அதனால் மூன்று இலக்கம். அதாவது பன்னிரண்டரை ரியால். வீட்டில் பிரித்தால் மேலே மட்டும் வெளிர்பச்சைக் கட்டிகள், அடியில் பழுப்புத் தூளும் மரப்பட்டைச் சில்லுகளும்.

மூன்று மணிக்கே அறையில் விட்டுவிட்டு, "பார்க்கிங், பெட்ரோல்" என்று 10 ரியால் கூடுதலாகக் கேட்டார். அம்மா முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது.

நீங்கள் போனால் மசூதியைக் காலை எட்டு மணிக்கே வையுங்கள், வெள்ளியில் வைக்காதீர்கள். பெண்கள் மணிக்கட்டு, கணுக்கால், தலைமுடி மறைய உடுத்த வேண்டும். ஒருநாள் முழுக்க ஒருவரையே நம்பாமல் ஒவ்வொரு இடத்துக்கும் டாக்சி ஆப்பிலோ, ஆரஞ்சு வெள்ளை டாக்சியிலோ தனித்தனியாகப் போங்கள். எத்தனை மணிக்கு எங்கே என்பதை எழுத்தில் வாங்குங்கள், கடைகளில் நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்து. முன்பணம் வேண்டவே வேண்டாம். லுபானை மாலையில், நான்கைந்து கடை ஏறி, பையைக் கொட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஊர் திரும்பியதும் நடந்ததை எழுதி, கூடுதலாக வாங்கிய பத்து ரியாலையாவது திருப்பித் தரச் சொல்லி டிரைவருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அன்று மாலையே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.