அரசுப் பள்ளிக்கு எந்த லைன்? பிஎஸ்என்எல் ஃபைபர், கேபிள்காரர், 5ஜி டப்பா: ஓர் ஒப்பீட்டு அலசல்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளுக்கு இன்டர்நெட் புதிதல்ல. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு லைன் வந்திருக்கும். தலைமையாசிரியர் அறையில் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவுக்கு ஒரு ரவுட்டர் ஓடும். கேள்வி அதற்கடுத்த படியில் எழுகிறது. பிள்ளைகள் சொந்த மடிக்கணினியையும் டேப்லெட்டையும் வகுப்புக்கே கொண்டுவந்தால் எந்த லைன் தாங்கும்? 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கியது பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைத் தூசி தட்டி வகுப்புக்குக் கொண்டுவர வைக்க முடிந்தால் பெரிய விஷயம்.

மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பதே பொதுவான விதி. அதனால் இங்கே போடும் கணக்கெல்லாம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் மடிக்கணினிக்கும் டேப்லெட்டுக்கும்தான். அதற்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு வகுப்பில் 40 கருவிகள் என்று வைப்போம். எல்லாரும் ஒரே நேரத்தில் 480பி தரத்தில் பாட வீடியோ பார்த்தால், ஆளுக்கு 1.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) வீதம் 60 எம்பிபிஎஸ் போகும். ஆக 100 எம்பிபிஎஸ் லைன் ஒரு வகுப்புக்குத் தாராளம். மூன்று வகுப்புகள் ஒரே பாடவேளையில் இறங்கினால் 180 வேண்டும். 300, 500 என்று விற்க வருபவர்களிடம் வேகத்தைக் கடைசியில் பேசுங்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டியவை: மாத டேட்டா வரம்பு எவ்வளவு, அப்லோடு எவ்வளவு, அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்.

மூன்று லைன்கள்

பிஎஸ்என்எல் ஃபைபரில் பெரும்பாலும் அப்லோடும் டவுன்லோடும் சமம். மாதம் மூவாயிரம் ஜிபிக்கு மேல் தரும் திட்டங்களும் உண்டு. அரசு அலுவலகத்துக்கு ரசீது, தணிக்கை எல்லாம் சுலபம். குறை பராமரிப்பில்தான். பல ஊர்களில் இதன் கடைசிக் கிலோமீட்டரை இழுத்துப் பார்த்துக்கொள்பவர் உள்ளூர்ப் பங்குதாரர். அவரிடம் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மிஷின் சொந்தமாக இருக்கிறதா, இல்லை வேறு ஊரிலிருந்து வரவேண்டுமா என்று கேளுங்கள். லைன் அரை நாளில் சரியாகுமா, நாலு நாள் ஆகுமா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

உள்ளூர் கேபிள்காரர் தரும் ஃபைபர் லைனுக்குப் பலம் அவர் தெருமுனையிலேயே இருப்பது. சாயங்காலம் எல்லாரும் வீட்டில் படம் பார்க்கும்போது இந்த லைன் திணறும் என்ற குறை பொதுவாகச் சொல்லப்படுகிறது. பள்ளி ஓடுவது பகலில், அப்போது ஊரே வயலிலும் வேலையிலும் இருக்கும். வீட்டுக்கு ஆகாத லைன் பள்ளிக்கு நன்றாகவே ஓடும். உண்மையான சிக்கல் இரண்டு. ஒன்று, நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது ஐபி முகவரியில் (இணையத்தில் லைனின் அடையாள எண்) வெளியே போகும். அதோடு 40 பிள்ளைகளும் சேர்ந்தால் கூகுள் 'நீங்கள் ரோபோவா' என்று படம் காட்டிக் கேட்க ஆரம்பிக்கும். பள்ளிக்குத் தனியாக, மாறாத ஸ்டாடிக் ஐபி கேட்டு வாங்கினால் இது தீரும். இரண்டு, ஜிஎஸ்டி பில். அது கிடைக்காத லைனுக்குப் பள்ளிக் கணக்கிலிருந்து பணம் கட்டினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வது தலைமையாசிரியர்தான்.

5ஜி டப்பா என்பது ஜியோவும் ஏர்டெல்லும் 2023 முதல் ஏர்ஃபைபர் என்ற பெயரில் தருவது. கம்பி வேண்டாம், மாடியில் டவரைப் பார்த்து ஒரு கருவியை மாட்டினால் அன்றைக்கே ஓடும். வேகமும் வரும். பள்ளிக்கு இது ஏன் முதல் லைனாக ஆகாது என்பதற்கு ஒரு பெருக்கல் போதும். 60 எம்பிபிஎஸ் வீதம் 45 நிமிடப் பாடவேளைக்கு 20 ஜிபி தீரும். ஒரு நாளைக்கு இரண்டு பாடவேளை என்றால் 40 ஜிபி, 22 வேலை நாளில் 880 ஜிபி. இந்தத் திட்டங்களில் வரம்பு வழக்கமாக மாதம் 1,000 ஜிபி. மூன்றாவது பாடவேளை சேர்ந்தால் மாதக் கடைசி வாரம் லைன் நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். அப்லோடும் ஃபைபர் அளவுக்கு வராது. நாகமலையோ அழகர்மலையோ டவரை மறைக்கும் ஊர்களில் சிக்னலையே நம்ப முடியாது. ஆனால் ஃபைபர் அறுந்த அன்று எமிஸ் வருகைப் பதிவு நிற்காமல் இருக்க இரண்டாவது லைனாக வைக்க இதைவிட நல்லது கிடையாது.

நாலாவதாக ஒன்றும் உண்டு. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இழுக்கும் வேலை தமிழ்நாடு அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உங்கள் ஊராட்சி சேவை மையத்தில் அந்த ஃபைபர் லைன் ஓடிக்கொண்டிருந்தால் பள்ளிக்கும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தேர்வு: எவருடைய ஃபைபர் என்பதைவிட ஃபைபர் என்பதே முக்கியம். பிஎஸ்என்எல்லா கேபிள்காரரா என்ற கேள்விக்கு, உங்கள் ஊரில் அறுந்த கம்பியை யார் சீக்கிரம் ஒட்டுகிறார்களோ அவர்தான் பதில்.

கம்பி அறுவதற்குக் காரணங்களும் இந்தப் பக்கத்தில் தெரிந்தவையே. உயரமாக வைக்கோல் ஏற்றிய லாரி, திருவிழாவில் சப்பரம் வரும்போது கோலால் தூக்கிவிடும் கம்பி, அழகர்கோவில் பக்கம் குரங்கு, ஓட்டுக் கட்டடத்தில் அணில். ரோட்டைக் கடக்கும் இடத்தில் கம்பி தொங்காமல் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். பள்ளிச் சுவர் வழியே வரும் பகுதியை பிவிசி பைப்புக்குள் விடச் சொல்லுங்கள். ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். மோடத்தை அணைத்துப் போட்டுப் பயன் இல்லை, ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். சிவப்பு எரியாமலே லைன் விட்டுவிட்டு வந்தால் பிரவுசரில் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒளி அளவைப் பாருங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நல்லது. மைனஸ் 27ஐத் தாண்டினால் எங்கோ கம்பி மடங்கியிருக்கிறது, அல்லது ஒட்டு சரியில்லை. அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒரு பெரிய ரவுட்டரா, அறைக்கு ஓர் அக்சஸ் பாயின்ட்டா

பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான். எட்டு ஆன்டெனா வைத்த விலையுயர்ந்த ரவுட்டரை அலுவலகத்தில் வைத்துவிட்டு, மூன்றாவது கட்டடத்தில் 'சுற்றிக்கொண்டே இருக்கிறது' என்று லைனைக் குறை சொல்வார்கள். பழைய வகுப்பறைகளின் ஒன்றரை அடிச் சுவரை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டாது. ஜன்னலில் அடித்த நெருக்கமான கம்பி வலையும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ரவுட்டரின் குரல் தூரம் போனாலும், டேப்லெட்டின் சின்னக் குரல் திரும்பி வந்து சேர வேண்டாமா? ரவுட்டரை எத்தனை பெரிதாக வாங்கினாலும் அந்தப் பக்கம் மாறாது.

கருவி பயன்படுத்தும் ஒவ்வொரு வகுப்பறையிலும் கூரையில் ஒரு அக்சஸ் பாயின்ட் (கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி) வைப்பதே சரி. நல்ல இரட்டை அலைவரிசை, வைஃபை 6 கருவி ஒன்று 40 பேரைத் தாங்கும். பலர் செய்யும் பிழை, மூன்று அறைக்கும் பொதுவாக வராண்டாவில் மாட்டுவது. அங்கே எல்லா அக்சஸ் பாயின்ட்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டு ஒன்றின் பேச்சில் இன்னொன்று குறுக்கிடும். அறைக்குள் மாட்டினால் அதே கெட்டிச் சுவர் நமக்கு உதவிக்கு வரும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாது. அடுத்தடுத்த அறைகளுக்கு மாற்றி மாற்றிக் கையால் வையுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள். பழைய விலையில்லா மடிக்கணினிகள் பலவும் 2.4 மட்டுமே பேசும். அவை மெதுவாகப் பேசி மற்றவர்களின் நேரத்தையும் தின்னும். 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகங்களை அக்சஸ் பாயின்ட்டில் அணைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். டேப்லெட்டுகளை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளிவிடுங்கள்.

நாலு அறைக்கு வேண்டியது: நாலு அக்சஸ் பாயின்ட், எட்டு போர்ட் பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கம்பியிலேயே மின்சாரமும் தருவது) ஒன்று, 305 மீட்டர் கேட்6 நெட்வொர்க் கம்பிப் பெட்டி ஒன்று. எந்தக் கம்பியும் 90 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். கம்பியை வாங்கும்போது கடையிலேயே ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் இருந்தால் நல்லது. மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். அதில் பிஓஇ மின்சாரம் போனால் கம்பி சூடாகும், கடைசி அறையின் அக்சஸ் பாயின்ட் தானாக அணைந்து அணைந்து எரியும். கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பியே வேண்டாம், ஃபைபர் விடுங்கள். ஐப்பசி இடியில் ஒரு மின்னல் ஸ்விட்சிலிருந்து ஆய்வகக் கணினி வரை எல்லாவற்றையும் எரித்துவிடும்.

ஒரே பாஸ்வேர்டா, ஆளுக்கொரு சாவியா

பள்ளி முழுக்க ஒரே பாஸ்வேர்டு என்றால் இரண்டாம் நாள் ஊருக்கே தெரியும். கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பட்டியல் போட்டு அனுமதிப்பதும் இப்போது எடுபடாது. ஆண்ட்ராய்டு 10 முதல் கருவிகள் உண்மையான முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. ஒவ்வொருவருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரும் ரேடியஸ் முறைதான் பாதுகாப்பில் உயர்ந்தது. ஆனால் ஆண்ட்ராய்டு 11க்குப் பின் வந்த பல கருவிகளில் சர்வரின் டிஜிட்டல் சான்றிதழ் சரியாக இல்லாவிட்டால் இணையவே முடியாது. கணினி ஆசிரியர் ஒருவரே எல்லாம் பார்க்கும் பள்ளியில் ஜூன் மாதம் முழுக்க இதிலேயே போய்விடும்.

நடுவழி ஒன்று உண்டு: வைஃபை பெயர் ஒன்று, ஆனால் பிள்ளைக்கொரு தனிச் சாவி. பிபிஎஸ்கே என்பார்கள். பழைய மடிக்கணினியும் ஏற்கும். ஒருவருடைய சாவி வெளியே போனால் அதை மட்டும் அழித்தால் போதும். அக்சஸ் பாயின்ட் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அலுவலகத்துக்கும் மாணவருக்கும் தனித்தனி வீலேன் (ஒரே கம்பியில் பிரித்த தனி வலை) கட்டாயம். எமிஸ் கணினி இருக்கும் வலையில் வெளிக் கருவி எதுவும் வரக் கூடாது. தகாத தளங்களைத் தடுக்க ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) முகவரியாக, தகாத தளங்களை வடிகட்டும் 1.1.1.3 போடலாம். ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ் இதைச் சுற்றிப் போகும் என்பதால் 853 போர்ட்டை அடையுங்கள். தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி வைத்தவனை இது நிறுத்தாது. அங்கே ஆசிரியர் வகுப்பில் நடமாடுவதுதான் தடுப்பு. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகளே. யார் எதைப் பார்த்தார்கள் என்று பதிவு வைப்பதாக இருந்தால் பெற்றோரிடம் முன்பே கையெழுத்து வாங்குங்கள்.

இணையமா, பள்ளிக்குள்ளேயே ஒரு பெட்டியா

பாடங்களைச் சேமித்துவைக்கும் உள்ளூர்க் கணினியை, அதாவது பெட்டியை, யாரும் லைனுக்குப் போட்டியாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். எட்டு நிமிடப் பாடம் 480பி தரத்தில் சுமார் 90 எம்பி. அதை 40 பேர் தனித்தனியாக இழுத்தால் 3.6 ஜிபி. ஆய்வகத்தில் சும்மா கிடக்கும் ஒரு கணினியில் இணையமில்லாமல் பாடம் காட்டும் கோலிப்ரி என்ற மென்பொருளை நிறுவி, ஆசிரியர் அந்த வீடியோவை முந்தின நாளே ஏற்றிவைத்தால் வெளி லைனில் அது ஒரே ஒரு முறைதான் வரும். இணையதளங்களைச் சேமித்துக் காட்டும் கிவிக்ஸ் மென்பொருளைப் போட்டால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் அதற்குள்ளேயே இருக்கும். இரண்டும் 8080 என்ற ஒரே போர்ட்டைக் கேட்டால் ஒன்றை மாற்றிவிடுங்கள். லைன் அறுந்த நாளிலும் வகுப்பு நடக்கும். நேரடித் தேடலுக்கும் மாதிரித் தேர்வுக்கும் இணையம் வேண்டும்தான். ஆனால் தினசரிப் பாடத்துக்குப் பெட்டியே மேல். 50 எம்பிபிஎஸ் லைனும் பெட்டியும் உள்ள பள்ளி, 200 எம்பிபிஎஸ் மட்டும் உள்ள பள்ளியைவிட நிம்மதியாக ஓடும்.

லைனை முடக்கும் இன்னொன்று விண்டோஸ் அப்டேட். மாதக்கணக்கில் இணையம் பார்க்காத 40 மடிக்கணினிகள் ஒரே காலையில் ஆளுக்கு 1 ஜிபி இழுத்தால் 100 எம்பிபிஎஸ் லைன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அடைபட்டுக் கிடக்கும். மடிக்கணினியின் வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு' (டேட்டா வரம்புள்ள லைன்) என்று குறித்துவிடுங்கள். அப்டேட்டைச் சனிக்கிழமை ஆய்வகத்தில் பத்துப் பத்தாக முடியுங்கள்.

கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை வரும் நாள் பள்ளி வேலை நாளாகவே இருக்கும். மோடம், ஸ்விட்ச், நாலு அக்சஸ் பாயின்ட் எல்லாம் சேர்ந்து 80 வாட் அளவுதான். 150 ஏஹெச் பேட்டரி வைத்த இன்வெர்ட்டர் புதிதாக இருந்தால் பத்து மணி நேரம் தாங்கும், பழையதென்றால் பாதி. அந்த இன்வெர்ட்டரில் ஃபேனைச் சேர்க்க விடாதீர்கள்.

சார்ஜிங்தான் பலர் கணக்கில் விடுவது. பழைய மடிக்கணினியின் பேட்டரி செத்திருக்கும், வந்ததும் பிளக்கைத் தேடுவார்கள். 65 வாட் வீதம் 40 சார்ஜர் என்றால் 2,600 வாட். வகுப்பறையின் 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட்தான் தாங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டினால் டிரிப் ஆகும், இல்லாவிட்டால் உருகும். கருவி வகுப்பு ஒவ்வொன்றுக்கும் 16 ஆம்பியரில் தனி வயரிங், தனி எம்சிபி (சுமை கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்), எர்த் சரிபார்த்து இழுக்க வேண்டும். லைனில் மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை. ஒரு சனிக்கிழமை 40 கருவிகளை ஒரே அறையில் வைத்து, முதலில் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் உள்ளூர்ப் பெட்டி வீடியோவை ஓட்டுங்கள். அது திக்கினால் குறை அக்சஸ் பாயின்ட்டிலோ கம்பியிலோ. அது சீராக ஓடி, வெளி வீடியோ மட்டும் திக்கினால் குறை லைனில். லைன் கொடுப்பவரை அறைக்குள்ளேயே நிறுத்திவைத்து இதைச் செய்யுங்கள்.